சீட்டுக்கட்டில் இல்லாத கணக்கு

திண்டிவனம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் முப்பது வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்தவன் நான். என் மேசை டிராயரில் ஒரு பிஸ்கட் டின் கிடந்தது. தொண்ணூறுகளில் பையன்களிடம் பறித்ததெல்லாம் அதற்குள்தான் போகும். கோலிகுண்டு, பம்பரம், அதற்கெல்லாம் மேலாக டபிள்யூ.டபிள்யூ.எஃப். டிரம்ப் கார்டு. பதினாறாம் வாய்ப்பாட்டில் திக்கித் திணறுகிற பையன், அண்டர்டேக்கரின் உயரத்தையும் யோகோசூனாவின் எடையையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். மார்பளவு, பைசெப்ஸ், ரேங்க் எல்லாம் கார்டில் அச்சாகியிருக்கும். எத்தனை சண்டை போட்டார், எத்தனை ஜெயித்தார் என்ற கணக்கும் இருக்கும்.

கார்டைப் பறிகொடுத்தவன் நகர மாட்டான். "சார், அவங்க நெஜமாவே அடிச்சிக்கிறாங்களா, இல்ல சும்மாவா?" என்பான். "எல்லாம் டிராமாடா. போய் ரெண்டு ரவுண்டு ஓடு" என்று விரட்டிவிடுவேன்.

அந்தப் பதில் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் அரை பதில். ஓய்வு பெற்றபின் கையில் நேரம் இருந்தது, பேரனின் புண்ணியத்தில் இன்டர்நெட்டும் இருந்தது. பழைய சண்டைகளை எல்லாம் உட்கார்ந்து பார்த்தேன். மற்ற அரை பதிலை இங்கே எழுதுகிறேன்.

வேஷம் பிரிக்கிறவர்

எங்கள் பக்கத்தில் பாரதக் கூத்து நடக்கும். கடைசி நாள் காலையில் படுகளம். துரியோதனன் சாகப்போகிறான் என்பது மடியில் இருக்கிற குழந்தைக்கும் தெரியும். அதற்காக யாரும் எழுந்து வீட்டுக்குப் போவதில்லை. பீமன் தொடையில் அடித்ததும் "அடி பட்டுச்சா, படலையா" என்று கேட்பவரும் இல்லை. இன்றைக்குத் துரியோதனன் யார், பீமன் யார் என்று பிரித்துக் கொடுப்பவர் கூத்து வாத்தியார். மல்யுத்தக் கம்பெனிகளில் அந்த வாத்தியாருக்குப் பெயர் புக்கர்.

அவர்களுக்கென்று ஒரு பாஷை உண்டு. நல்லவன் ஃபேஸ், கெட்டவன் ஹீல். கம்பெனி ஒருவரைக் கைதூக்கி விட்டால் புஷ். சொன்னபடி தோற்றுக் கொடுத்தால் ஜாப். எழுதிவைத்த சண்டை வொர்க், எழுதாமல் நடக்கும் நிஜச் சண்டை ஷூட். பல தலைமுறைகள் இந்த ரகசியத்தைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். 1989-ல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். கம்பெனியே நியூ ஜெர்சி மாநில செனட்டிடம் போய், இது விளையாட்டுப் போட்டி இல்லை, பொழுதுபோக்குதான் என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டு என்றால் மாநிலத்தின் விளையாட்டு வாரியக் கட்டுப்பாடும் வரியும் வரும் என்பதுதான் காரணம்.

புக்கர் பார்ப்பது புஜத்தின் சுற்றளவை மட்டும் இல்லை. இவன் பெயரைப் போட்டால் டிக்கெட் போகுமா? மைக்கைக் கொடுத்தால் பேசுவானா? இவனோடு மோதினால் எதிராளி முழு உடம்போடு வீடு போவானா? ஒப்பந்தம் முடிய எத்தனை மாதம்? எந்த ஊர் மார்க்கெட்டைப் பிடிக்க வேண்டும்? வருஷக்கணக்கில் தோற்றுக்கொண்டே இருந்த ஜிந்தர் மஹால் 2017 மே மாதம் திடீரென்று சாம்பியன் ஆனார். கனடாவில் பிறந்த பஞ்சாபி அவர். கம்பெனியின் கண் இந்திய மார்க்கெட் மேல் இருந்தது. நவம்பரில் பெல்ட் போயிற்று. டிசம்பரில் டெல்லிக்கு வந்தபோது, நம் மண்ணிலேயே டிரிபிள் எச்சிடம் தோற்கவும் செய்தார். கார்டில் அச்சடிக்கும் "ஜெயித்த சண்டை" என்ற எண் இப்படித்தான் கூடுகிறது, இப்படித்தான் குறைகிறது.

இன்னொரு வழக்கமும் உண்டு. கம்பெனியை விட்டுப் போகிறவர், தோற்றுவிட்டுப் போக வேண்டும். இத்தனை வருஷம் சேர்த்த பெயரை இருக்கிறவன் தோளில் இறக்கி வைக்க வேண்டும். 1997 நவம்பரில் பிரெட் ஹார்ட் போட்டிக் கம்பெனிக்குப் போக இருந்தார். சொந்த நாடான கனடாவில், மான்ட்ரியலில், ஷான் மைக்கேல்ஸிடம் தோற்க அவருக்கு மனசில்லை. முதலாளி வின்ஸ் மெக்மேன் அவருக்குத் தெரியாமலே முடிவை மாற்றினார். பிரெட் தோல்வியை ஒப்புக்கொள்ளாமலே, ரெஃப்ரீ சொல்லி மணி அடிக்கப்பட்டது. பெல்ட் கைமாறியது. பிரெட் வளையத்தில் நின்றபடியே மெக்மேன் முகத்தில் துப்பினார். அந்த எச்சிலை யாரும் எழுதி வைக்கவில்லை.

விழக் கற்றவன்

நானும் கல்லூரியில் மல்யுத்தம் ஆடியவன்தான், 57 கிலோ பிரிவில். 1982-ல் ஒரு போட்டியில் எதிராளி என்னை இடுப்பில் ஏற்றி எறிந்தான். விழும்போது பயத்தில் கையை ஊன்றினேன். இடது காறை எலும்பு குச்சி ஒடிகிற மாதிரி ஒடிந்தது. மழைக்காலத்தில் இன்றும் அது பேசும். அதனால் என் பையன்களுக்கு முதல் மாதம் பிடி எதுவும் சொல்லித்தர மாட்டேன். விழத்தான் சொல்லித்தருவேன். தாடையை நெஞ்சோடு ஒட்டு. கையை ஊன்றாதே, விரித்துத் தரையில் அறை. முதுகின் மேல்பாகம் முழுக்க ஒரே சமயத்தில் படட்டும். அடி ஒரு இடத்தில் தேங்காமல் பரவிவிடும்.

டி.வி. மல்யுத்தக்காரர்களும் முதலில் கற்பது இதைத்தான். அவர்கள் பாஷையில் இது பம்ப். அந்த வளையத்தின் தரை இரும்புச் சட்டமும் பலகையும். மேலே கொஞ்சம் நுரை, அதற்கு மேல் கான்வாஸ் துணி. 120 கிலோ ஆளைத் தலைக்கு மேல் தூக்குகிறார்களே, தூக்கப்படுகிறவனும் சேர்ந்து எம்பிக் கொடுத்தால்தான் அது நடக்கும். தூக்கியபின் அவன் கழுத்து மொத்தமும் தூக்கினவன் பொறுப்பு. யார் ஜெயிப்பது என்பதை முன்கூட்டியே எழுதிவிடலாம். விழுவதை எழுத முடியாது.

கிமுரா பிடி

2004 நவம்பர். பெயரை டபிள்யூ.டபிள்யூ.இ. என்று மாற்றிக்கொண்டிருந்த அதே டபிள்யூ.டபிள்யூ.எஃப். கம்பெனி புதுமுகங்களைத் தேட ஒரு போட்டி நடத்திக்கொண்டிருந்தது. ஒரு நாள் வளையத்தில் நின்றவர் கர்ட் ஆங்கிள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் கழுத்தெலும்பு முறிவோடு ஆடித் தங்கம் வாங்கியவர். நிஜ மல்யுத்தம் தெரிந்த நிஜ வீரர். புதுமுகங்களில் ஒருவனைப் பிடித்து நசுக்கிவிட்டு, அடுத்து யார் என்று கூப்பிட்டார். டேனியல் புடர் என்ற பையன் வந்தான். கலப்புத் தற்காப்புச் சண்டை, அதாவது எம்.எம்.ஏ. பழகியவன் அவன் என்பதை ஆங்கிள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தச் சண்டைக்கு முடிவு எழுதப்படவில்லை. ஆங்கிள் அவனைக் கீழே கொண்டுவந்தார். வந்த வேகத்தில் புடர் ஒரு கையால் ஆங்கிளின் மணிக்கட்டைப் பற்றினான். மறு கையை அவர் புஜத்தைச் சுற்றி நுழைத்துத் தன் மணிக்கட்டையே பிடித்துக்கொண்டான். பூட்டு விழுந்துவிட்டது. இனி எதிராளியின் கையை அவன் முதுகுப் பக்கம் திருப்ப வேண்டியதுதான், தோள்மூட்டு கழன்றுவிடும். இந்தப் பிடிக்குப் பெயர் கிமுரா.

பத்து முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஆங்கிளின் முகத்தில் ஓடுவது நடிப்பில்லை. ஒலிம்பிக் தங்கம் ஒரு புதுமுகத்திடம் டி.வி.யில் தோளை இழக்கப் போகிறது. அப்போது ரெஃப்ரீ ஜிம்மி கோர்டெராஸ் படாரென்று தரையில் விழுந்தார். புடரின் தோள்கள் சரியாகத் தரையில் படிந்தனவா என்றுகூடப் பார்க்காமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டினார். ஆங்கிள் ஜெயித்துவிட்டார்!

எங்கள் கூத்தில் கட்டியக்காரன் என்று ஒருவன் உண்டு. வேஷக்காரனுக்கு அடி மறந்துபோனால் நடுவில் புகுந்து எதையாவது பேசிச் சமாளிப்பான். மல்யுத்த ரெஃப்ரீயும் அவனேதான். இன்னும் எத்தனை நிமிஷம் என்று காதோடு காதாகச் சொல்பவர், அடிபட்டவனின் கையைப் பற்றி நன்றாக இருக்கிறானா என்று பார்ப்பவர். கோர்டெராஸ் அன்று ஒரு கம்பெனியின் மானத்தையே மூன்று தட்டில் காப்பாற்றினார்.

அந்தப் போட்டியில் ரசிகர் ஓட்டு வாங்கி ஜெயித்தது புடர்தான். பத்து லட்சம் டாலர் ஒப்பந்தம் என்று விளம்பரம் செய்தார்கள். 2005-லேயே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டாவதாக வந்தவர் மைக் மிசானின். சண்டைப் பின்னணி எதுவும் இல்லாமல், ரியாலிட்டி ஷோவிலிருந்து வந்த வாயாடி. "தி மிஸ்" என்ற பெயரில் 2010-ல் அவரே சாம்பியன். 2011-ல் கம்பெனியின் வருஷாந்திரப் பெருவிழாவான ரெஸில்மேனியாவின் கடைசிச் சண்டையில் ஜான் சீனாவையும் ஜெயித்தார். நிஜச் சண்டை என்றால் புடரிடம் அவர் எத்தனை விநாடி தாங்குவார் என்பதை என் எட்டாம் வகுப்புப் பையனே சொல்லிவிடுவான். ஆனால் அவரைத் திட்டித் தீர்க்க ஜனம் டிக்கெட் வாங்கியது.

நிஜத்தை ருசி பார்த்த கம்பெனி

1998-ல் இதே கம்பெனி "பிரால் ஃபார் ஆல்" என்று ஒரு போட்டி நடத்தியது. கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு நிமிஷ ரவுண்டு மூன்று, நிஜமாகவே குத்திக்கொள்ள வேண்டும். ஜப்பானில் பெயர் வாங்கி வந்திருந்த முரட்டு ஆள் ஸ்டீவ் வில்லியம்ஸ் ஜெயிப்பார் என்பதுதான் உள்ளே இருந்தவர்களின் கணக்கு. அவரைக் கால்தசை கிழிய, மயங்கி விழ அடித்துப்போட்டவர் பார்ட் கன். அதுவரை ஜோடிச் சண்டைகளில் இரண்டாம் ஆளாக நின்றவர். இறுதிச் சண்டையிலும் எதிராளியைச் சாய்த்தார். இதற்குள் ஆளுக்கொரு காயத்தோடு பலர் படுத்துவிட்டார்கள்.

கைக்கு வந்த அதிர்ஷ்டத்தைக் கம்பெனி என்ன செய்தது? அடுத்த வருஷ ரெஸில்மேனியாவில் பார்ட் கன்னை பட்டர்பீன் என்ற தொழில்முறைக் குத்துச்சண்டைக்காரர் முன்னால் நிறுத்தியது. 35 விநாடி. மயங்கி விழுந்தவர் அதோடு கம்பெனியிலிருந்தும் போய்விட்டார். கூத்து வாத்தியார் நிஜமாகவே கதாயுத்தம் நடத்திப் பார்த்த கதைதான் இது. பீமனும் போய், துரியோதனனும் போய், மறுநாள் கூத்துக்கு ஆள் இல்லாமல் போயிற்று.

இனோகியின் ஆசை

நிஜமும் நடிப்பும் உண்மையிலேயே பின்னிக்கிடந்த நாடு ஜப்பான். கிமுரா பிடிக்குப் பெயர் தந்த மாசாஹிகோ கிமுரா, 1951-ல் பிரேசிலில் ஹீலியோ கிரேஸியின் கையை அந்தப் பிடியில் முறித்த ஜூடோ மேதை. 1954-ல் பிழைப்புக்காகத் தொழில்முறை மல்யுத்தத்துக்கு வந்து, ஜப்பானின் மல்யுத்த நட்சத்திரம் ரிக்கிடோசானோடு மோதினார். சண்டை சமனில் முடியும் என்று பேசி வைத்திருந்ததாகக் கிமுரா பின்னாளில் சொன்னார். நடுவிலேயே ரிக்கிடோசான் பேச்சை மீறி நிஜமாக அடித்து நொறுக்கிவிட்டார். கிமுராவுக்குத் தற்காத்துக்கொள்ளத் தெரியாமல் இல்லை. எதிராளியை நம்பி வந்திருந்தார்.

அந்த ரிக்கிடோசானின் சீடர் ஆன்டோனியோ இனோகி. 1972-ல் நியூ ஜப்பான் கம்பெனியைத் தொடங்கியவர். எல்லாச் சண்டைக் கலையிலும் மல்யுத்தமே பலசாலி என்று உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. 1976 ஜூன் 26-ல் டோக்கியோ புடோகான் அரங்கில் முகமது அலியையே எதிர்கொண்டார். தூக்கி எறிவதற்கும் நின்றபடி உதைப்பதற்கும் தடை போட்டுவிட்டார்கள். இனோகி 15 ரவுண்டும் மல்லாந்து படுத்துக்கொண்டு அலியின் காலை உதைத்தார். நிஜம் என்பதாலேயே பார்க்கச் சகிக்கவில்லை. ஜனம் கையில் கிடைத்ததை வீசியது. முடிவு சமன். அலி கால் வீங்கி, ரத்தம் கட்டி ஆஸ்பத்திரிக்குப் போனார்.

இனோகி விடவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் பிரைட் போன்ற எம்.எம்.ஏ. போட்டிகள் ஜப்பானைப் பிடித்து ஆட்டியபோது தன் கம்பெனி வீரர்களையும் அந்தக் களத்துக்கு அனுப்பினார். 2001 டிசம்பர் 31 ராத்திரி அப்படி இரண்டு பேர். யூஜி நகாடா நல்ல மல்யுத்தக்காரர். மிர்கோ குரோகாப்பின் உதை தலையில் விழ, 21 விநாடியில் முடிந்தது. அதே ராத்திரி டடாவோ யசுடா என்ற முன்னாள் சுமோ வீரர், யாரும் எதிர்பாராமல் ஜெரோம் லெ பானரை மடக்கிவிட்டார். இரண்டே மாதத்தில் கம்பெனியின் உயர்ந்த பெல்ட் யசுடா இடுப்பில். வளையத்தில் கதை சொல்ல அவருக்கு வரவில்லை. ஏப்ரலில் பெல்ட்டை நகாடாவிடம் கொடுத்தார்கள். நகாடா ஒரு வருஷத்துக்கும் மேல் அதைக் கட்டிக் காத்தார். பிறகு 2003 டிசம்பர் 31-ல் அதே நகாடாவை ஃபெடோர் எமெலியானென்கோ முன் தள்ளினார்கள். 62 விநாடி.

இப்போது யோஷிஹிரோ தகயாமா கதைக்கு வருகிறேன். இவரும் மல்யுத்தக்காரர். 2002 ஜூனில் பிரைட் மேடையில் டான் ஃப்ரையோடு மோதினார். மணி அடித்ததும் இரண்டு பேரும் இடது கையால் ஒருவர் கழுத்தை ஒருவர் பற்றிக்கொண்டு, வலது கையால் மாறி மாறி முகத்தில் குத்தினார்கள். தடுக்கவில்லை, விலகவில்லை. கடன் தீர்க்கிற மாதிரிக் கொடுத்து வாங்கினார்கள். தகயாமா தோற்றார். முகம் அடையாளம் தெரியாமல் வீங்கிப்போனது. ஆனால் அவர் பெயர் ஜப்பான் முழுக்க ஏறிவிட்டது. 2003 மே மாதம் நகாடாவிடமிருந்து பெல்ட்டை வாங்கியவர் இந்தத் தகயாமாதான்.

நகாடாவும் தோற்றார், தகயாமாவும் தோற்றார். ஒருவர் பெயர் தேய்ந்தது, மற்றவர் பெயர் வளர்ந்தது. இனோகிக்கு இது புரிந்ததாகத் தெரியவில்லை. 2005-ல் கம்பெனி அவர் கையைவிட்டு ஒரு வீடியோ கேம் நிறுவனத்துக்குப் போனது. நிஜச் சண்டைப் பக்கமே போகாத ஹிரோஷி தனஹாஷி 2006-ல் சாம்பியன் ஆனார். நியூ ஜப்பான் மெல்ல எழுந்தது அவருக்குப் பிறகுதான்.

இரண்டு பக்கமும் போனவர்கள்

இரண்டு களத்திலும் உச்சிக்குப் போனவர் என்றால் பிராக் லெஸ்னர். 2000-ல் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த சாம்பியன். 2002-ல் டபிள்யூ.டபிள்யூ.இ. சாம்பியன். 2008-ல் யு.எஃப்.சி. என்ற எம்.எம்.ஏ. கம்பெனியில் முதல் சண்டையை 90 விநாடியில் தோற்றுவிட்டு, அதே நவம்பரில் ராண்டி கோட்டூரை வீழ்த்தி அங்கேயும் ஹெவிவெயிட் சாம்பியன். 2012-ல் டபிள்யூ.டபிள்யூ.இ.க்குத் திரும்பி வந்தபோது அவர் கூடவே ஒரு பயமும் வந்தது. இந்த ஆள் நிஜமாகவே அடிப்பவன் என்ற பயம். அதைக் கம்பெனி வீணாக்கவில்லை. ரெஸில்மேனியாவில் 21 முறை தோற்காத அண்டர்டேக்கர், 2014-ல் லெஸ்னரிடம் தோற்க வேண்டும் என்று முடிவானது. மூன்றாவது தட்டு விழுந்ததும் அரங்கம் இழவு வீடு மாதிரி ஆயிற்று. எழுதிவைத்த தோல்விதான். ஆனால் அந்தச் சண்டையில் அண்டர்டேக்கருக்கு மூளை அதிர்ச்சி. அந்தச் சண்டையே அவர் நினைவில் இல்லை.

சி.எம். பங்க் எதிர்த்திசையில் போனவர். கம்பெனியோடு முட்டிக்கொண்டு 2014-ல் வெளியேறி, 37 வயதில் யு.எஃப்.சி.யில் இறங்கினார். 2 நிமிஷம் 14 விநாடியில் கழுத்துப்பிடியில் மாட்டித் தோற்றார். இரண்டாவது சண்டையிலும் அடிதான் வாங்கினார். 2021-ல் ஏ.இ.டபிள்யூ. என்ற புதிய கம்பெனிக்காகச் சிகாகோவில் வளையத்துக்குத் திரும்பினார். அந்த அரங்கில் பெரியவர்கள் அழுததைக் கேமரா காட்டியது.

இன்று இரண்டு கடைக்கும் ஒரே முதலாளி. 2023 செப்டம்பரில் யு.எஃப்.சி.யும் டபிள்யூ.டபிள்யூ.இ.யும் டி.கே.ஓ. என்ற ஒரே குழுமத்துக்குள் வந்துவிட்டன. ஒரு கவுண்டரில் நிஜம், பக்கத்துக் கவுண்டரில் கூத்து.

பாயை விரி

தகயாமாவைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. டான் ஃப்ரையின் குத்துகள் அவரை வீழ்த்தின, முடக்கவில்லை. 2017 மே மாதம், ஒசாகா பக்கத்தில் சாதாரண எழுதிவைத்த சண்டை ஒன்றில், எதிராளியின் மேலாக உருண்டு போகும் பிடி ஒன்றைப் போட்டார். எத்தனையோ தடவை எத்தனையோ பேர் போட்ட எளிய பிடிதான். தலை தப்பாகப் பட்டது. கழுத்தெலும்பு போய், தோளுக்குக் கீழே உடம்பு அசையவில்லை. அவருக்காக நிதி திரட்ட முன்னால் நின்றவர் மினோரு சுசுகி. வளையத்தில் அவரோடு பல தடவை மோதிய, கெட்டவன் வேஷத்துக்குப் பேர்போன ஆள்.

இதைப் படித்த அன்று நான் என் காறை எலும்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பிஸ்கட் டின் இப்போது என் வீட்டுப் பரணில் இருக்கிறது. போன வாரம் இறக்கி, கார்டுகளைத் தரையில் பரப்பினேன். ஓரம் தேய்ந்து, பையன்களின் கைவியர்வை படிந்து கிடந்தன. மார்பளவு இருக்கிறது, பைசெப்ஸ் இருக்கிறது, ஜெயித்த சண்டை இருக்கிறது. புக்கருக்கு ஒரு கார்டு இல்லை. மூன்று தட்டுத் தட்டிய ரெஃப்ரீக்கும் இல்லை. எத்தனை பேரைக் கழுத்து ஒடியாமல் தரையில் இறக்கினார் என்ற கணக்கு எந்தக் கார்டிலும் இல்லை.

அந்தப் பையன்களில் ஒருவன் இப்போது வந்து, "சார், நெஜமா, சும்மாவா?" என்று கேட்டால் ஓடவிட மாட்டேன். "பாயை விரிடா. தாடையை நெஞ்சுல ஒட்டு. கையை ஊனாத. விழு. விழுந்து எழுந்து வந்து கேளு" என்பேன்.